பல்லில் தொடங்கி நெஞ்சில் இறங்கிய காய்ச்சல்

எங்கள் பக்கத்தில் யாருக்காவது காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது என்று கேள்விப்பட்டால் நான் ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வருவேன். நான் வைத்தியனும் இல்லை, வைத்தியன் மகனும் இல்லை. பரளச்சிக்குக் கிழக்கே மானாவாரிக் காட்டில் மிளகாயும் மல்லியும் போட்டு மழையை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவன். ஆனாலும் போனவுடன் என் முதல் கேள்வி, "ஈறுல ரத்தம் வருதா?" என்பதாகத்தான் இருக்கும். காய்ச்சல்காரர் என்னை ஏற இறங்கப் பார்ப்பார். வீட்டுப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அந்தக் கேள்வியை என்னிடம் ஒருவர் நேரத்தோடு கேட்டதால்தான் இன்றைக்கு உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நடந்தது. ஐப்பசி மழை ஓய்ந்து களை எடுப்பு நடந்துகொண்டிருந்தது. சாயங்காலமானால் உடம்பு கணகணவென்று காயும். விடியும்போது வேட்டி நனைகிற அளவுக்கு வேர்த்து விட்டுவிடும். பகலெல்லாம் நன்றாகத்தான் இருப்பேன். கொசுக்கடிக் காய்ச்சல் என்றார்கள். கஷாயம் குடித்தேன். அருப்புக்கோட்டை போய் ஊசி போட்டால் கொஞ்ச நாள் ஒழுங்காக இருக்கும், மருந்து முடிந்ததும் மறுபடி வரும். இடுப்பில் வேட்டி நிற்கவில்லை. என் மனைவி பேச்சியம்மாள் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு, "இது உங்க சட்டதானா, இல்ல ஆளு மாறி எடுத்துட்டு வந்துட்டீகளா?" என்று கேட்டாள். கேலியாகத்தான் கேட்டாள், ஆனால் முகத்தில் கேலி இல்லை.

இந்த இடத்தில் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் சாப்பிட்டு எழுந்த ஆம்பளை கை கழுவுகிறானோ இல்லையோ, கருவேல முள்ளால் பல் குத்தாமல் இருக்க மாட்டான். வரப்புக்கு வரப்பு கருவேலமரம்தான். விரல் நீளத்துக்கு வெள்ளை வெளேரென்று முள் இருக்கும். ஒன்றை ஒடித்துக் காதில் செருகிக்கொண்டால் அன்றைக்குப் போதும். பல் இடுக்கில் ஒன்றும் இல்லாவிட்டாலும் சும்மா ஈறைக் குத்திக்கொண்டிருப்போம். ரத்தம் வரும். வந்தால் ஒரு சுகம். கெட்ட ரத்தம் வெளியேறுகிறது என்று எல்லோரும் சொல்வோம். எனக்கு மேல்வரிசைக் கடைவாயில் ஈறு வீங்கி வீங்கி அடங்கும். வீங்கினால் முள்ளால் ஒரு குத்து, உப்புத் தண்ணீரில் ஒரு கொப்பளிப்பு. அதோடு தீர்ந்தது என்று வேலையைப் பார்க்கப் போய்விடுவேன்.

அருப்புக்கோட்டை டாக்டர் கடைசியாக என் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். "சின்ன வயசுல மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்துச்சா?" என்றார். வந்தது. பள்ளிக்கூடம் போகிற வயதில் முழங்கால் வீங்கி வெகுநாள் படுத்துக் கிடந்திருக்கிறேன். அதற்குப் பிறகு கபடி ஆடினேன், மூட்டை தூக்கினேன், கல்யாணமும் செய்துகொண்டேன். அதை யார் நினைவு வைத்திருந்தார்கள்? டாக்டர் ஊசியை எடுக்கவே இல்லை. "இனிமே இங்க ஊசி போடுறது தப்பு. மதுரைக்குப் போங்க, இன்னைக்கே" என்று சொல்லி அனுப்பினார். தனக்குத் தெரியவில்லை என்று நேரத்தில் சொன்ன அந்த மனிதருக்கு நான் முதல் கும்பிடு போட வேண்டும்.

மதுரையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. பேச்சியம்மாளும் அவள் தம்பி இருளப்பனும் கூட வந்தார்கள். இருளப்பன் எனக்கு மச்சினன் மட்டும் இல்லை. என் காட்டுக்கு அடுத்த காடு அவனுடையது, மழைக்கு அண்ணாந்து பார்க்கிறபோது பக்கத்தில் நின்று அவனும் பார்ப்பான். காத்திருக்கும் பெஞ்சில் எங்கள் மூவருக்கும் இடம் கிடைத்தது, ஆனால் யாரும் சாய்ந்து உட்காரவில்லை. அங்கே இருந்தவர்கள் எல்லோரும் நெஞ்சு வலிக்காரர்கள். ஒருவரும் சத்தமாகப் பேசவில்லை. எனக்கோ பேசாமல் இருக்க முடியாது. பக்கத்தில் இருந்த பெரியவரிடம் அவர் ஊரில் மழை எப்படி என்று கேட்டேன். அவர் நெஞ்சைக் காட்டி, பேசக் கூடாது என்று கையை ஆட்டினார்.

உள்ளே போனதும் இதய டாக்டர் என் கையை வாங்கி நகங்களைப் பார்த்தார். நகத்துக்கு அடியில் பொடிப்பொடியாக ரத்தக் கோடுகள் இருந்தன.

"முள்ளுகிள்ளு பட்டிருக்கும் டாக்டர். காட்டுல கெடக்குற கை" என்றேன்.

அவர் என் கையை விட்டார். "வாயைத் திறங்க" என்றார்.

"டாக்டர், கோளாறு நெஞ்சுலன்னு சொல்லித்தான் இங்க அனுப்பிச்சாக."

"தெரியும். வாயைத் திறங்க."

டார்ச் அடித்துப் பார்த்தார். விரலால் மேல் ஈறை லேசாக அழுத்தினார். விரல் உறையில் ரத்தமும் சீழும் ஒட்டியது. "ஈறுல ரத்தம் வருதா?" என்று அப்போதுதான் கேட்டார். "வந்தா நல்லதுதான டாக்டர்?" என்றேன். அந்த டாக்டர் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

ரத்தம் எடுத்தார்கள். ஒரு தடவை எடுத்தது போதாது என்று மறுபடி மறுபடி எடுத்தார்கள். அதைக் குப்பியில் ஊற்றிச் சூடான பெட்டிக்குள் வைத்து, ஏதாவது கிருமி வளர்கிறதா என்று பார்ப்பார்களாம். நாற்றங்கால் போடுகிற மாதிரிதான். ஊரில் போட்ட அரைகுறை ஊசிகளால் கிருமி ஒளிந்துகொள்ளும், உடனே முளைக்காது என்றார்கள். பிறகு எக்கோ என்று ஒன்று. நெஞ்சில் ஜில்லென்று பசையைத் தடவி ஒரு கருவியை வைத்து அழுத்தினால், டிவி மாதிரியான பெட்டியில் நம் இதயம் திறந்து மூடுவது தெரிகிறது. என் இதயத்தை நானே பார்த்தேன். அது பாவம், யாருக்கும் தெரியாமல் அத்தனை வருஷம் அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

டாக்டர் எங்கள் மூவரையும் உட்காரவைத்துச் சொன்னார். இதயத்துக்குள் ரத்தம் ஒரு பக்கமாகவே போவதற்குக் கதவுகள் இருக்கின்றன. அவற்றைத்தான் வால்வு என்கிறார்கள். சிறுவயதில் எனக்கு வந்த மூட்டுக் காய்ச்சல் ஒரு கதவைச் சொரசொரப்பாக்கி, சரியாகச் சாத்தவிடாமல் செய்துவிட்டுப் போயிருக்கிறது. வாயில் கோடிக்கணக்கில் கிருமிகள் இருக்கும். ஈறு கெட்டு ரத்தம் கசியும்போது அவை ரத்தத்துக்குள் இறங்கிவிடும். நல்ல இதயமாக இருந்தால் பெரும்பாலும் உடம்பே அவற்றை அழித்துவிடும். சொரசொரப்பான கதவு கிடைத்தால் அங்கே தங்கிக் குடித்தனம் நடத்தும். கண்மாய் மடைப்பலகையில் பாசி பிடிக்கிற மாதிரி என்று எனக்குப் புரிந்தது. அப்படியே சொன்னேன். "அதேதான்" என்றார் டாக்டர். "அந்தப் பாசி பிய்ஞ்சு மூளைக்குப் போனா கை கால் விழுந்துரும். கதவையே அரிச்சிருச்சுன்னா ஆபரேஷன், அதுவும் எல்லாருக்கும் கைகூடாது."

"அப்ப ஈறுல ரத்தம் வாரவுக எல்லாருக்கும் இந்தச் சீக்கு வருமா டாக்டர்?" என்று பேச்சியம்மாள் கேட்டாள்.

"வராதும்மா. வால்வு ஏற்கெனவே பழுதானவங்களுக்குத்தான் இந்த ஆபத்து ரொம்ப. மத்தவங்களுக்கும் ஈறு நோய்க்கும் மாரடைப்புக்கும் சம்பந்தம் இருக்கலாம்னு பேசிக்கிறாங்க. இன்னும் உறுதியாச் சொல்ல முடியல. ஆனா வாயைச் சுத்தமா வச்சா யாருக்கும் நஷ்டம் இல்லையே."

அன்றைக்கு ராத்திரி எனக்குப் பயம் வந்தது. மறைத்து எழுத ஒன்றும் இல்லை, நன்றாகவே வந்தது.

வாரக்கணக்கில் பென்சிலின். முதலில் கையில் ஒரு துளி குத்தி, பேனாவால் வட்டம் போட்டு, ஒவ்வாமல் தடிக்கிறதா என்று பார்த்தார்கள். பிறகு பாட்டில் வழியாக நரம்பில் இறங்கியது. நரம்பு புண்ணாகப் புண்ணாகக் கை மாற்றிக் கை மாற்றிக் குத்துவார்கள். அந்த வார்டில் எஸ்தர் சிஸ்டர் என்று ஒருவர். அருப்புக்கோட்டையை ஒட்டிய பாளையம்பட்டிக்காரர். எங்கள் பேச்சைக் கேட்டதும், "அண்ணாச்சிக்கு எந்தூரு? நம்ம பக்கமா?" என்று கேட்டு, அதற்குப் பிறகு ஊசி குத்தும்போதெல்லாம் மழையைப் பற்றி விசாரிப்பார். நான் மழையைப் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள் குத்தி முடித்திருப்பார். பேச்சியம்மாள் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொள்வாள். என் இடது கையில் ஊசி இருந்தால் வலது பக்கமும், வலது கையில் இருந்தால் இடது பக்கமும் வந்து உட்கார்ந்து சோறு பிசைந்து தருவாள். செலவுக்கு என்ன செய்தாள் என்று கேட்டால் இன்றைக்கும் பேச்சை மாற்றிவிடுவாள். நானும் விட்டுவிட்டேன்.

காய்ச்சல் இறங்கியது. வேர்வை நின்றது. பசித்தது. பசி வந்தால் எனக்கு வாய்க்கொழுப்பும் சேர்ந்தே வரும். மென்மையான பிரஷ் ஒன்றைக் கொடுத்து அதைத் தவிர வேறு எதுவும் ஈறில் படக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அந்தப் பிரஷ் பூனை வாலால் தடவுகிற மாதிரி இருந்தது. பார்க்க வந்த இருளப்பனிடம் புலம்பினேன். "ஏலே மாப்ளே, சோறு தின்னா தின்ன மாதிரியே இல்லடா. பல்லுக்குள்ள என்னமோ உறுத்துது. ஒரு முள்ளு இல்ல இந்த மதுரையில."

நான் சும்மா சொன்னேன். அவன் சும்மா எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த தடவை வந்தபோது ஒரு தீப்பெட்டியை என் தலையணைக்கு அடியில் வைத்தான். உள்ளே கருவேல முள். எங்கள் காட்டு வரப்பிலேயே ஒடித்து, அடியைச் சீவி, சுடுதண்ணீரில் கழுவி, காயவைத்து அடுக்கியிருந்தான். பெண்ணுக்குச் சீர் கொண்டுவந்தவன் மாதிரி ஒரு சிரிப்பு வேறு.

"அக்காவுக்குத் தெரிய வேணாம் மச்சான்" என்றான்.

அன்றைக்கு வீட்டிலிருந்து கோழிக் குழம்பும் கொண்டுவந்திருந்தான். சாப்பிட்டுவிட்டுப் போர்வைக்குள் தலையை விட்டுக் குத்தினேன். என்ன சுகம்! மூன்றாவது குத்தில் முனை ஒடிந்து ஈறுக்குள்ளேயே நின்றுவிட்டது. வெளியே எடுக்க வரவில்லை. தானாக வந்துவிடும் என்று படுத்துக்கொண்டேன்.

கன்னம் வீங்கியது. பிறகு காய்ச்சல். பழைய காய்ச்சலே, அதே சாயங்காலக் கணக்கு. டாக்டர் முகம் மாறிவிட்டது. மருந்துக்கு அடங்காத கிருமி கதவை அரிக்கத் தொடங்கிவிட்டதோ என்று அவருக்குச் சந்தேகம். மறுபடி ரத்தம், மறுபடி எக்கோ. அவர் வேறு டாக்டர்களோடு ஆங்கிலத்தில் பேசியதில் மெட்ராஸ் என்ற சொல் மட்டும் பேச்சியம்மாளுக்கு விளங்கியது; ஆபரேஷன் என்றால் அங்கேதான் அனுப்புவார்கள். அவள் அதற்குப் பிறகு என் காலைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

விரிப்பு மாற்ற வந்த எஸ்தர் சிஸ்டர் தலையணையைத் தூக்கினார். "என்ன அண்ணாச்சி, பீடி குடிக்கிறீகளோ?" என்று தீப்பெட்டியைத் திறந்தார். ஒரு முள்ளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பாளையம்பட்டிக்காரருக்கு அது என்ன என்று சொல்லித் தர வேண்டியதில்லை.

"யாரு கொண்டாந்தது?"

நான் வாயைத் திறப்பதற்குள், "நாந்தான் சிஸ்டர்" என்றான் இருளப்பன். அப்போதுதான் பார்க்க வந்திருந்தான். கையில் இருந்த பழப்பையைக் கீழே வைத்துவிட்டு நின்றான்.

சிஸ்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பெட்டியை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினார். பேச்சியம்மாள் தம்பிக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். அவன் வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றான். "எங்க அக்கா தாலிக்கு நானே வினையாப் போயிட்டேனே" என்று அவன் அழுதது வார்டு முழுக்கக் கேட்டது. குற்றம் அவனுடையது இல்லை என்று நான் கத்தினேன். கன்னம் வீங்கியிருந்ததால் எனக்கே நான் சொன்னது புரியவில்லை.

கீழ்த்தளத்திலிருந்து பல் டாக்டரம்மா மேலே வார்டுக்கு வந்தார். சின்ன வயது. ஈறைக் கொஞ்சம் கீறி, சீழை வடித்து, ஒடிந்த முனையை இடுக்கியால் எடுத்துப் பஞ்சில் வைத்துக் காட்டினார். எக்கோவில் கதவு அப்படியே இருந்தது. காய்ச்சல் இந்தச் சீழால் வந்ததுதான். நான் பிழைத்தேன் என்று நினைத்த நேரத்தில் அவர், "மேல கடைவாய்ப் பல் ரெண்டும் வேர் வரைக்கும் கெட்டுப்போச்சு. வீக்கம் வத்தினதும் எடுத்துறணும். பென்சிலின் ஏறிக்கிட்டிருக்கும்போதே எடுத்தாத்தான் பாதுகாப்பு" என்றார்.

"மேல் பல்லா? மாட்டேன்" என்றேன்.

எங்கள் ஊரில் மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும். எல்லோருக்கும் தெரிந்த விஷயம். என் பெரியப்பா மேல் பல்லைப் பிடுங்கிவிட்டு வந்த வருஷமே பார்வை மங்கிக் கடைசியில் குச்சி பிடித்து நடந்தார். அது கண்ணில் வளர்ந்த புரை என்று பின்னால்தான் தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், இதயம் கொஞ்சம் ஒழுகினாலும் காட்டைப் பார்த்துக்கொள்ளலாம், கண் இல்லாமல் மிளகாய்ப் பழத்தையும் காயையும் எப்படிப் பிரிப்பேன் என்பதுதான். டாக்டரம்மா கண் நரம்பு வேறு, பல் நரம்பு வேறு என்று படம் வரைந்து காட்டினார். படம் அழகாக இருந்தது. நான் மாட்டேன் என்றேன். இதய டாக்டர் வந்து, "இந்த வாட்டி கதவு தப்பிச்சிருச்சு. அந்தப் பல்லோட வீட்டுக்குப் போனீங்கன்னா அடுத்த வாட்டி தப்பிக்காது. அதுக்கு மேல உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போனார். பேச்சியம்மாள் அழுதாள், கும்பிட்டாள், கோபித்துக்கொண்டு பட்டினி கிடந்தாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

வீக்கம் வற்றிய அன்றைக்குக் காலையில், அதுவரை வராந்தாவிலேயே கிடந்த இருளப்பனைக் காணோம். ஊருக்குப் போய்விட்டான் என்று நினைத்தோம். மத்தியானச் சோறு வருகிற நேரத்துக்கு வார்டுக்குள் வந்தான். வலது கன்னம் உப்பியிருந்தது. உதட்டோரம் ரத்தம்.

"ஏலே, யாரு கூடச் சண்ட போட்ட?" என்று பேச்சியம்மாள் எழுந்துவிட்டாள்.

அவன் வாயைத் திறந்து காட்டினான். பஞ்சு. வெகுநாளாக அவனுக்கு மேல் கடைவாயில் ஓட்டையான பல் ஒன்று உண்டு. கீழே போய்ச் சீட்டு வாங்கி, வரிசையில் உட்கார்ந்து அதைப் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தான். பேசாதே என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். அவன் அதையெல்லாம் கேட்கிற ஆளா? என் பாட்டில் மாட்டிய கம்பியை உருட்டிக்கொண்டு என்னை ஜன்னலுக்கு இழுத்தான். இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, பல் எடுத்த பக்கத்துக் கண்ணால் ரோட்டைப் பார்த்தான். தூரத்தில் ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது.

"திருச்சுழி" என்றான் பஞ்சுக்குள்ளிருந்து. "வழி, காரியாபட்டி."

பஸ் பக்கத்தில் வந்த பிறகுதான் எனக்குப் போர்டு தெரிந்தது. திருச்சுழியேதான்.

நான் லேசில் விடுகிறவன் இல்லை. "கூரை மேல என்ன ஏத்திருக்கான்?" என்றேன்.

"ரெண்டு சைக்கிளு. ஒரு மூட்ட. மூட்டையில தையலு விட்டிருக்கு மச்சான்."

அந்தக் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கக்கூட இல்லாமல் அடுத்த பஸ்ஸுக்குக் காத்து நின்றான். அடுத்ததையும் படித்தான். அதற்குப் பின்னால் வந்த லாரியின் நம்பரையும் படித்தான். நான் அவன் கையைக் கண்ணிலிருந்து எடுத்துவிட்டேன். "பேச்சி, அந்தப் பல் டாக்டரம்மாவ வரச் சொல்லு" என்றேன்.

இதற்குப் பிறகு பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. காய்ச்சல் திரும்ப வரவில்லை. பாக்கி மருந்தையும் முழுவதுமாக ஏற்றிவிட்டுத்தான் அனுப்பினார்கள். கதவு இன்னும் கொஞ்சம் ஒழுகுகிறது; டாக்டர் வருஷத்துக்கு ஒரு தரம் கேட்டுப் பார்த்து, போன வருஷம் மாதிரியே ஒழுகுகிறது என்று சந்தோஷப்படுகிறார். பல்லில் கை வைக்கும் எந்த வைத்தியம் என்றாலும் முன்கூட்டியே மருந்து போட்டுக்கொள்கிறேன். பிரஷ்ஷோடு சமாதானம் ஆகிவிட்டேன். உங்களில் சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் கண்டவர்கள் யாராவது இருந்தால், வெட்கப்படாமல் போய் நெஞ்சையும் வாயையும் சேர்த்துக் காட்டுங்கள்.

பல் எடுத்த நாற்காலியைப் பற்றி மட்டும் சொல்லி முடித்துவிடுகிறேன். மரத்துப்போக ஊசி போட்டார்கள். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். எலும்புக்குள் ஏதோ நெரிந்தது, வலி இல்லை. தட்டில் இரண்டு தரம் டக், டக் என்று சத்தம் கேட்டது. "முடிஞ்சுருச்சு, கண்ணைத் திறங்க" என்றார் டாக்டரம்மா. திறக்கப் பயமாக இருந்தது. திறந்தேன். எதிரே இருளப்பன், வீங்கிய கன்னத்தோடு, என் முகத்துக்கு நேராகக் கையை நீட்டிக்கொண்டு நின்றான்.

"எத்தன வெரலு மச்சான்?" என்றான்.

வாய் நிறையப் பஞ்சு. பேச முடியவில்லை. அந்த மூன்று விரல்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். வார்டுக்குத் திரும்பும் வரைக்கும் விடவில்லை.